வாளுக்கு எண் கொடுத்த ஹென்றி வில்கின்சன்



வில்கின்சன் என்றதும் உங்களில் பலருக்கு ஷேவிங் பிளேடுதான் நினைவுக்கு வரும். அந்த உறையில் ஏன் இரண்டு வாள்கள் இருந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்குக் காரணமானவரைப் பற்றித்தான் இந்த இதழில் படிக்கப் போகிறீர்கள்.

லண்டனில் 1772-ல் ஹென்றி நாக் என்பவர் ஒரு துப்பாக்கிக் கடையைத் தொடங்கினார். 1804-ல் அவர் காலமானபின், கடை அவருடைய பங்காளி ஜேம்ஸ் வில்கின்சனிடம் வந்தது. ஜேம்ஸின் மகன்தான் ஹென்றி வில்கின்சன். அவர் துப்பாக்கித் தொழிலை நன்கு கற்றவர். போர்க்கருவிகளின் வரலாறு பற்றி 1841-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தங்கள் வாளைச் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே பளபளப்பும் பூவேலையும் இருக்கும். உள்ளே இரும்பு எப்படி என்பது தெரியாது. போர்க்களத்தில் வாள் வளைந்தாலோ உடைந்தாலோ உயிர் போய்விடும்.

1840-களில் வாள் தயாரிப்பில் இறங்கிய ஹென்றி, இதை மாற்ற நினைத்தார். சோதிப்பதற்கென்றே ஓர் இயந்திரம் அமைத்தார். வாளை வளைத்தும் ஓங்கி அடித்தும் பார்த்து, தாங்கியதற்கு மட்டுமே சோதனை முத்திரை கொடுத்தார். அந்த முத்திரை, கைப்பிடிக்கு அருகில் பதித்த சிறிய பித்தளை வில்லை. 1850-களின் நடுவிலிருந்து வாளின் முதுகுப் பக்கத்தில் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டது. எந்த எண் வாளை யார் வாங்கினார் என்று கடைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள்.

ஹென்றி 1861-ல் காலமானார். அவர் ஏற்படுத்திய முறை தொடர்ந்தது. 1891-ல் நிறுவனத்தின் பெயரிலேயே வாள் சேர்ந்தது. 2005-ல்தான் அங்கே வாள் தயாரிப்பு நின்றது.

இன்று விக்டோரியா காலத்து ராணுவ வாள்களைச் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். பித்தளை வில்லையைப் பார்த்து மற்றவர்களும் பதித்தார்கள். அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், பெயர் தெரியாத ஒரு பழைய வாளுக்கு அதை வாங்கிய மனிதரின் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு. அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கே போரிட்டார் என்பதை அங்கிருந்து தேடிப் போகலாம்.

உங்கள் குடும்பத்தில் பழைய வாள் இருக்கிறதா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துருவோடு எண்ணும் போய்விடும். எண் போனால் அந்த மனிதரும் போய்விடுவார். லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து முதுகுப் பக்கத்தைப் பாருங்கள்.

செய்த வேலைக்குச் சோதனை, விற்ற பொருளுக்குக் கணக்கு. ஹென்றி செய்தது அவ்வளவுதான். நம் வீட்டுக்கு வேலை செய்பவரிடமும் நாம் எதிர்பார்ப்பது அதுதானே?