ரிட்லி துரையும் சிங்கப்பூர்ப் பூமலையும்

மலாயாவுக்குக் கப்பலேறிச் சென்ற உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பங்கள் நாகப்பட்டினத்தை அடுத்த ஊர்களில் ஒரு காலத்தில் சிலவே. சென்றவருட் பெரும்பாலோர் அங்கே பால்மரம் வெட்டிப் பிழைத்தனர் என்பதை யாவரும் அறிவோம். ஆயின் அம்மரம் மலாய் மண்ணிற்கு உரியதன்று. பிரேசில் தேசத்துக் காடுகளில் தானே வளர்ந்த அதனை மலாயாவில் வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் ஆங்கிலேயர். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

ரிட்லி 1855-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தில் நார்போக்குப் பகுதியில் ஒரு குருவானவருக்கு மகனாய்ப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கற்றுத் தேறி, 1880 முதல் லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையின் தாவரப் பகுதியில் எட்டாண்டுகள் பணி புரிந்தார். உலர்ந்த செடிகளையே நோக்கிக்கொண்டிருந்த அவருக்கு, 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பதவி கிடைத்தது.

அத்தோட்டம் 1859-இல் ஒரு சங்கத்தாரால் தாங்ளின் என்னுமிடத்தில் அமைக்கப்பெற்றது. நகரத்தார் மாலையில் உலவவும் வாத்திய இசை கேட்கவும் அமைந்த உல்லாசத் தோட்டமாகவே அது தொடங்கிற்று. பின்னர் அரசாங்கத்தின் வசமாயிற்று. அந்நகரத்துத் தமிழர் அதற்கு இட்ட பெயர் பூமலை. பெயரின் அழகே நம்மை முதன்முதல் இப்பொருளினிடம் இழுத்தது என்பதை மறைப்பானேன்?

ரிட்லி வருமுன்னரே ரப்பர் மரம் அங்கு வந்துவிட்டது. 1876-இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுட் பெரும்பாலன இலங்கைக்குச் சென்றன; மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. ரிட்லி பதவியேற்றபோது அவை மரங்களாய் ஓங்கி நின்றன; எனினும் அவற்றைப் பொருட்படுத்துவார் இல்லை. பால் எடுக்கும் வகை செவ்வையாய்த் தெரியாமையே அதற்கு ஒரு காரணம். பிரேசிலில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் வடித்தனர். அதனால் உட்பட்டை புண்பட்டு மரம் நலிந்தது.

ரிட்லி செய்த பெருங்காரியம் இவ்விடத்தேதான் உள்ளது. பாலோடும் நுண்குழாய்கள் பட்டையிலேயே உள. அதற்கும் உள்ளே, புதுப்பட்டையை ஈனும் மெல்லிய படலம் ஒன்றுண்டு. அப்படலத்தைத் தீண்டாமல் பட்டையை மட்டும் சாய்வாகக் கீறி, மறுமுறை அக்கீற்றின் ஓரத்தையே மெல்லியதாய்ச் சீவினால், முதல் நாளினும் மிகுதியாகப் பால் சுரக்கும் என்று அவர் கண்டார். நடுவே ஒரு நெடுங்கோடும் இருமருங்கும் சாய்கோடுகளுமாக மீன் முள்ளை ஒப்பக் கீறும் முறையையும் வகுத்தார். மரம் பல்லாண்டு வாழ்ந்து பால் தரும். சீவிய பட்டையும் மீண்டும் வளரும். காலைக் குளிர்ச்சியில் பால் நன்கு ஓடும் என்பதும் அவர் குறித்தவற்றுள் ஒன்று. இச்சிறு குறிப்பை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

அக்காலத்தில் மலாயாவின் தோட்டத் துரைமார் காப்பிப் பயிரில் மயங்கியிருந்தனர். ரிட்லியோ சட்டைப்பையில் ரப்பர் விதைகளை நிரப்பிக்கொண்டு சென்று, கண்டவரிடமெல்லாம் நடுமாறு வற்புறுத்துவார். பைத்தியக்கார ரிட்லி என்று அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். முதலில் செவிசாய்த்தவர்களுள் ஒருவர் மலாக்காவைச் சார்ந்த டான் சாய் யான் என்ற சீன வணிகர். 1896-இல் அவர் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பிரேசில் காப்பி மிகுந்து விலை வீழ்ந்தது. ஒரு பயிரை வீழ்த்திய நாடே அதற்கு மாற்றான மரத்தையும் தந்தது வியப்பன்றோ! மோட்டார் வண்டிகள் பெருகவே ரப்பர் விலை ஏறிற்று, 1910-இல் உச்சமடைந்தது. 1917-ஆம் ஆண்டளவில் பூமலையினின்று வெளிச்சென்ற விதைகள் 70 லட்சத்திற்கும் மேற்பட்டன. நகைத்தவர்களே விதைக்கு வந்து நின்றனர்.

விதை கிடைத்தது, வெட்டும் கைகள் வேண்டுமே. அக்கைகளிற் பெரும்பாலன தமிழர் கைகள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறை 1938 வரை நீடித்தது. காடழிந்து வெயில் பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. புதிதாய்ச் சென்றோர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். முன்னர்க் குறித்த காலைக் குளிர்ச்சியின் செய்தியை இனி நினைக்க. அதன் பொருட்டே லயத்து மக்கள் இருட்டில் எழுந்து பெரட்டுக்கு வந்து நின்றனர். உறங்கும் குழந்தையை விட்டுத் தாய்மார் மரத்தடிக்கு ஓடினர். மரத்தைப் புண்படுத்தாது வெட்டும் வழியை இத்துணை நுட்பமாய் ஆராய்ந்த அறிவு, வெட்டுவோர் திறத்தில் அக்காலத்தில் பலரிடம் எழாமற் போயிற்றே என்று நமக்குத் தோன்றுகிறது. கூலியை நிர்ணயித்தவர் ரிட்லியல்லர். ஆதலின் அவர்மேற் பழி சுமத்த நாம் துணியோம். எனினும் அவர் புகழைப் பேசுமிடத்து இதனை விட்டுப் பேசுதலும் நேர்மையாகாது.

ரப்பரையன்றி அவர் செய்தனவும் பல. ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்து ஆர்க்கிட் மலரை 1893-இல் விவரித்து உலகுக்கு அறிவித்தவர் ரிட்லியே; 1981-இல் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. பூமலையில் ஒரு சிறு மிருகக்காட்சிச் சாலையும் இருந்தது. 1905-இல் அது மூடப்பட்டது.

ரிட்லி 1911-இல் பதவியினின்று ஓய்வு பெற்று, கியூ நகரில் குடியேறினார். அங்கே மலாய்த் தீபகற்பத்துத் தாவரங்களைப் பற்றிய நூலை 1922 முதல் 1925 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். விதைகள் உலகெங்கும் பரவும் வகையை ஆராயும் பெருநூலொன்று 1930-இல் வந்தது. சட்டைப்பையில் விதை சுமந்தவர் எழுதத்தக்க நூலே அது! எண்பது வயதைக் கடந்தபின் திருமணமும் செய்துகொண்டார். நூறு வயது நிறைந்து, 1956-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் கியூவில் காலமானார். பூமலையை 2015-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசாரச் சபை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.