நாகசுரச் சக்கரவர்த்தி இராசரத்தினம்பிள்ளை

சிவாலய வழிபாட்டிலே நாகசுரம் இன்றியமையாத அங்கமாகும். வைகறையிற் பூபாளம் முதலாகப் பள்ளியறையில் நீலாம்பரி ஈறாக அதன் ஒலி கேட்டு நாம் உள்ளம் உருகுகின்றோம்; எனினும் அதனை வாசிப்போர் பட்ட பாட்டினைச் சிந்திப்பது அரிது. வல்லார் ஒருவரைக் காணின், பிறவியிலே வாய்த்த வரம் என்று சொல்லி அமைந்துவிடுகின்றோம். அச்சொல் பாதியே உண்மை என்பதற்குத் திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளையின் சரித்திரமே சான்றாகும்.

இவர் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், திருஞானசம்பந்தப் பெருமான் விடந்தீர்த்தருளிய திருமருகலிலே பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தமையின், மாமனாராகிய நாகசுர வித்துவான் நடேசபிள்ளை இவரைத் தம் மகனாக ஏற்று வளர்த்தார். மாமனார் திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாதலின், பிள்ளையும் அவ்வூரிலே வளர்ந்தார். மூச்சினை அடக்கி ஆளும் நெறியைத் திருமந்திரத்திற் கூறிய திருமூல நாயனார் எழுந்தருளியிருந்த தலம் அது. மூச்சினையே முதலாகக் கொண்ட கருவியைப் பயிலுதற்கு அதனினும் பொருத்தமான ஊர் வேறு யாது?

எனினும் இவர் முதற்கண் பயின்றது நாகசுரமன்று. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் என்னும் பிடில் வித்துவானிடம் இசை கற்று, வாய்ப்பாட்டிலே தேர்ந்து, சிறுவயதிற் கச்சேரியும் செய்தார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிபிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். இம்முறையின் பயன் பெரிது. பாடிப் பழகியவன் ஒரு சுரத்தின் நிலையை முன்னர் மனத்திலே கேட்கின்றான். பின்னரே விரல் அதனைத் தேடிச் செல்கின்றது. மனத்திற் கேளாததை விரல் எத்தனை முறை தேடினும் காணாது.

நாகசுர சாதகம் எளிதன்று. தொடக்கத்தில் மாணாக்கன் ஒத்தினைப் பிடித்து, கன்னத்திற் காற்றைத் தேக்கி, மூக்கினால் மூச்சு வாங்கி, சுருதி அறாது ஊதப் பழகுவான். சுரவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்பவற்றை மூன்று காலத்திலும் நாள்தோறும் வாசிப்பான். குழலிலே விரல் வைக்குந் துளைகள் ஏழேயாம். ஏனைய நுட்பமெல்லாம் உதடும் மூச்சும் சீவாளியை அழுத்தும் அளவினாலே பிறப்பன. அழுத்தம் சிறிது மிகினும் குறையினும் சுரம் பிறழும். நாவினால் அடிக்கும் துத்துக்காரமும் தன்னகாரமும் விரலினால் அடிக்கும் விரலடியும் தனித்தனியே பழகற்பாலன. இவையெல்லாம் உடம்பிற் படிந்த பின்னரே இராக ஆலாபனையில் மனம் தடையின்றிச் செல்லும்.

பிள்ளையவர்களின் தோடி தமிழுலகமெங்கும் இசைத்தட்டுக்களினாற் பரவியது. மணிக்கணக்காக ஓர் இராகத்தை விரித்துச் செல்லும்போது, கேட்போர்க்கு அது அப்பொழுதே பிறந்த கற்பனையாகத் தோன்றும். அக்கற்பனை தங்குதற்கு இடமாயிருந்தது முன்செய்த சாதகமே. கருவியின் குறையையும் இவர் பொறுத்தாரல்லர். குறுகிய திமிரி நாகசுரத்தின் சுருதி மிக உயர்ந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியாருடன் கலந்து, சுருதி தாழ்ந்ததும் சுத்த மத்திமம் பிழையின்றி ஒலிப்பதுமாகிய நெடிய பாரி நாகசுரம் உருவாவதற்குத் துணைநின்றார்.

நாகசுரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்னும் வழக்கம் நிலவிய காலத்தில், ஏனைய வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசித்துத் தம் மரபினர்க்கு மதிப்பைத் தேடினார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தியா சுதந்திரம் அடைந்த வேளையில், திருவாவடுதுறை ஆதீனத்தார் தில்லியிற் செங்கோல் அளித்தபோது இவருடைய நாகசுரமே ஒலித்தது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் இவர் உலகவாழ்வு நீத்தார்.

சைவப் பாடசாலை ஆசிரியர்களே, நம் வகுப்பிலே தேவாரம் பாடத் தடுமாறும் சிறுவன் ஒருவனை, இவனுக்கு இசை வாராது என்று நாம் ஒருகால் தள்ளிவிடுதல் கூடும். அவனுக்குச் செவி உண்டா என்று தீர்ப்பதன் முன், அவன் செவி நிறையுமளவும் நாம் பாடிக் காட்டினோமா என்று வினவுதல் வேண்டும். ஒரே பண்ணை நாள்தோறும் விளம்பமாகப் பலமுறை பாடுவித்து, பிழைத்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துதல் நம் கடன். அக்கடனைச் செய்யாது வரம் இல்லை என்போமாயின், குறை மாணாக்கனுடையதன்று, நம்முடையதேயாம்.