வெறுங்காற் காவலர் கோஷ்ட பால்

கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மாலைவேளையிற் செல்வோர், சிறுவர் பலர் மணலில் வெறுங்காலுடன் பந்து உதைத்து ஆடுதலைக் காண்பர். அவர்களை அணுகி, எவ்விடத்தில் நின்று ஆட விருப்பம் என்று வினவின், பெரும்பாலோர் முன்னணியையே கேட்பர். பின்னே காவல் நிற்க இசைவோர் மிகச் சிலரே. கோல் போட்டவன் பெயர் மறுநாள் வகுப்பறையில் முழங்கும். கோல் விழாமற் காத்தவனை நினைப்பார் இலர். சிதம்பரத்துப் பல்கலைக்கழகத் திடலிலும், நம் கல்லூரித் திடலிலும் இதுவே வழக்கம். ஆதலின், காவல் நின்றே நாடறிந்த பெயர் பெற்ற ஒருவரது வரலாற்றை நம் மாணாக்கருக்குக் கூற விரும்புகிறேன்.

கோஷ்ட பால் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள், கீழ்வங்காளத்துப் பரீதுபூர் ஜில்லாவில் போஜேஷ்வர் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து, குமார்துலி என்னும் பகுதியில் வளர்ந்து, அங்குள்ள சங்கத்திற் பந்தாடத் தொடங்கினார். அவர் பதினைந்து வயதை எட்டும் தறுவாயில் அந்நகரில் ஒரு பெருநிகழ்ச்சி நடந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், மோகன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்ஷயர்ப் பட்டாளத்தை 2-1 என்னும் கணக்கில் வென்று, இந்தியச் சங்கங்களுள் முதன்முதலாக ஐ. எப். ஏ. ஷீல்டைக் கைப்பற்றினர். அன்று ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். பூட்ஸ் அணிந்தவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே. அவர் பவானிப்பூரில் லண்டன் மிஷன் கல்லூரி ஆசிரியர், பின்னர்ப் போதகரும் ஆனவர். நம்முடையதைப் போன்ற ஒரு கல்லூரியின் ஆசிரியர் அவ்வணியில் நின்றார் என்பதை இங்கே குறிப்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு, வாசகர் பொறுப்பாராக.

அவ்வெற்றியணியைச் சேர்ந்த ராஜேன் சென் என்பார் கோஷ்ட பாலின் ஆட்டத்தைக் கண்டு, அவரை மோகன் பகானுக்கு அழைத்து வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினாறு. 1913 முதல் அவர் அச்சங்கத்திற்காக ஆடினார். பேக் என்று நம் மாணாக்கர் வழங்கும் பின்காவல் நிலையே அவருக்குரிய இடமாயிற்று. இருபதாண்டுகளுக்கு மேல் அவ்விடத்தை அவர் விட்டு அகலவில்லை.

அக்காலத்துப் பின்காவல் இக்காலத்தது போன்றதன்று. இன்று பெரும்பாலும் நால்வர் நின்று காக்குமிடத்தில், அன்று இருவரே நின்றனர். அவர்க்கு முன் மூவர், அம்மூவர்க்கும் முன் ஐவர். எதிரணியின் முன்னாட்டக்காரர் ஐவரும் ஒருங்கே பாய்ந்து வரின், கோல்காப்பவர்க்கு முன்னே தடுத்து நிற்க வேண்டியவர் அவ்விருவரே. அவர்க்குத் துணையாயிருந்தது ஆப்சைடு விதி. 1925-க்கு முன், பந்தைப் பெறும் முன்னாட்டக்காரனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். எனவே பின்காவலர் ஒருவர் காலமறிந்து ஓரடி முன்னே சென்றால், எதிரி ஆப்சைடில் அகப்படுவான். அவ்வாண்டில் மூவர் என்பதை இருவராக மாற்றினர். இங்கிலாந்து லீக்கில் முந்திய பருவத்தில் 4,700 ஆயிருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 6,373 ஆயின என்றால், பின்காவலர் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? பழைய விதியிற் பயின்ற பலர் இம்மாற்றத்தில் தடுமாறினர். முப்பது வயதை நெருங்கிய கோஷ்ட பாலோ, புதிய விதியின் கீழும் பத்தாண்டு நின்றார்.

இவையனைத்தும் வெறுங்காலுடன் செய்த செயல்கள் என்பதை மறத்தலாகாது. எதிரே வந்தவர் பட்டாளத்துச் சிப்பாய்களும் ஐரோப்பியச் சங்கத்தாரும். தோற்பூட்ஸும் அதன் அடியிற் குமிழ்களும் உடையவர். கல்கத்தாவின் பந்தாட்டப் பருவமோ மழைப்பருவம். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் திடல் சேறாவது போல, அங்கே ஆனி ஆடியிற் சேறாகும். உலர்ந்த தரையில் வெறுங்கால் விரைவுடையது. சேற்றில் அது வழுக்கும். அவ்வழுக்கலில் பூட்ஸ் அணிந்த கால்களுக்கு எதிரே அஞ்சாது சென்று பந்தை எடுத்தமையாலேயே அவரை இங்கிலீஷ்மன் என்னும் ஆங்கிலேயர் பத்திரிகை சீனப் பெருஞ்சுவருக்கு ஒப்பிட்டது. எதிர்த்தரப்பார் தந்த பட்டம் ஆதலின் அதற்கு மதிப்பு மிகுதி.

1921 முதல் ஐந்தாண்டு அவர் மோகன் பகானின் தலைவராயிருந்தார். 1923-இல் ஷீல்டின் இறுதிப் பந்தயம் வரை அணியைக் கொண்டு சென்றார். அங்கே கல்கத்தா சங்கத்தாரிடம் தோல்வியுற்றனர். 1925-இல் சிம்லாவில் நிகழ்ந்த டியூரண்டு கோப்பைப் பந்தயத்தில் அச்சங்கம் கலந்துகொண்டது. 1933-இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே தலைவர். பந்தாட்டமன்றிக் கிரிக்கெட்டும் ஹாக்கியும் தம் சங்கத்திற்காக ஆடினார்.

இனி நான் கூறப்போவது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். மோகன் பகான் 1911-க்குப் பின் ஷீல்டை மீண்டும் வென்றது 1947-இல். கல்கத்தா லீக்கை முதன்முதல் வென்றது 1939-இல். கோஷ்ட பால் ஆடிய காலமோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே, அந்நகரின் பெரும்பரிசுகள் இரண்டனுள் ஒன்றேனும் அவர் கைக்கு எட்டவில்லை. 1934-இல் இந்தியச் சங்கங்களுள் முதலாவதாக லீக்கை வென்றவர் முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தார். ஈரத்தரையில் அவர் பூட்ஸ் அணிந்து ஆடியது அவ்வெற்றிக்கு ஒரு காரணம் என்பர். வெறுங்காலே நம் பெருமை என்று பிடிவாதமாயிருந்தமை இழப்பேயன்றோ என நான் எண்ணுவதுண்டு. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்சிடம் 2-1 எனத் தோற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியரிடம் 10-1 எனத் தோற்ற பின்னரே அவ்வழக்கம் முற்றும் ஒழிந்தது.

அவர் ஆட்டத்தை விட்ட வரலாறு துயரமானது. 1935-ஆம் ஆண்டளவில், கல்கத்தா சங்கத்தாருடன் நிகழ்ந்த ஒரு பந்தயத்தில், நடுவரின் தீர்ப்புகள் ஒருதலைச் சார்பாயிருக்கின்றன என்று கருதிய அவர், நடுவரோடு வாதாடவில்லை, கை ஓங்கவில்லை, திடலை விட்டு வெளியேறவும் இல்லை. தம் அணியினருடன் புல்தரையிற் படுத்துவிட்டார். நடுவர் ஊதினால் கட்டுப்படுவதே ஆட்டக்காரன் கடன் என்று நாள்தோறும் நம் மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்ற நான், இச்செயலை முழுதும் ஏற்பதெங்ஙனம்? எனினும், அவரைக் குறைகூறவும் என் நா எழவில்லை. இருபத்திரண்டு பருவங்கள் மிதிபட்டும் திருப்பி மிதியாத ஒருவர், இறுதியிற் செய்தது இவ்வளவே. அதன்பின் அவர் பந்தயங்களில் ஆடவில்லை.

சம்பளம் பெற்று ஆடுதல் அன்று அங்கே வழக்கமன்று. ஆதலின் ஆட்டத்தால் அவர் செல்வம் சேர்த்தவரும் அல்லர். 1962-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பந்தாட்டக்காரருள் அதனை முதன்முதற் பெற்றவர் அவரே. 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தம் எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். 1984-இல் கல்கத்தா மைதானத்தருகே அவருக்குச் சிலை எடுத்தனர்; 1998-இல் அஞ்சல்தலை வெளியாயிற்று. ஈடன் தோட்டத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்கும் அவர் பெயரே. அவர் பிறந்த போஜேஷ்வர் இன்று வங்காளதேச நாட்டில் உள்ளது.