பாத்திரம் கழுவிய கை... கோல் போட்ட தலை!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது முதலில் கவிதைதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் காதல் கவிதை எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள்! அதனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். கிரவுண்டில் திடீரென்று மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், ஷெட்டில் ஒதுங்கி நின்றபோது பி.டி. சார் எனக்குச் சொன்ன கதை இது. பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன்.

அன்று நான் சாரிடம் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. ஒலிம்பிக்கில் பதக்கங்களை மூட்டை மூட்டையாக அள்ளும் அமெரிக்கா, உலகமே பைத்தியமாய்க் கிடக்கும் கால்பந்தில் மட்டும் ஏன் இத்தனை வருஷம் பின்தங்கிக் கிடந்தது? சார் ஒரு பெயரைத்தான் பதிலாகச் சொன்னார். ஜோ கேட்ஜென்ஸ்!

1924-ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று, கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டி நாட்டின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் பிறந்தவர் ஜோ. பதினான்கு வயதிலேயே உள்ளூர் கிளப்புக்கு ஆடத் தொடங்கிவிட்டார். ஆனால் பந்தை நம்பிக் குடித்தனம் நடத்த முடியுமா? கணக்கியல் படிப்பதற்காக, அரசாங்க உதவித்தொகையில், 1947-ல் நியூயார்க் நகரத்துக்குப் போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

படிப்புக்கு உதவித்தொகை இருந்தது. மற்றச் செலவுக்கு? ஓர் உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த விடுதியின் முதலாளியே புரூக்ஹாட்டன் என்ற சாக்கர் அணிக்கும் சொந்தக்காரர். பகலில் படிப்பு, கிடைத்த நேரத்தில் வேலை, வார இறுதியில் ஆட்டம். 1949-50 பருவத்தில் 15 ஆட்டங்களில் 18 கோல் போட்டு, லீகிலேயே அதிக கோல் போட்டவர் ஆனார்!

சாக்கர் என்று சொன்னேன் அல்லவா? அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முனை கூர்ந்த பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். நம்முடைய கால்பந்துக்கு அங்கே பெயர் சாக்கர். இந்த சாக்கரும் ஒரு காலத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்ததுதான். 1921-ல் தொடங்கிய அமெரிக்கன் சாக்கர் லீகில் இரும்பாலை ஊர்களும் நூற்பாலை ஊர்களும் அணி வைத்திருந்தன. 1930-ல் நடந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை போயிருக்கிறது. ஆனால் நிர்வாகங்களுக்குள் சண்டை வந்தது. 1929-ல் பொருளாதாரமும் சரிந்தது. 1933-ல் லீக் கலைந்தே போனது. அதே பெயரில் மறுபடி ஆரம்பித்தது சின்ன லீக். அதில்தான் நம்ம ஜோ ஆடினார். பேஸ்பால் பார்க்கிற பெரிய கூட்டத்துக்கு, சாக்கர் என்பது பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்களின் ஆட்டம். அவ்வளவுதான்.

1950-ல் பிரேசில் நாட்டில் உலகக் கோப்பை. (அந்தப் போட்டியில் நம் இந்தியாவுக்கும் இடம் கிடைத்திருந்தது. நாம் போகவில்லை!) அமெரிக்கா ஓர் அணியைத் திரட்டியது. கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி, சவ ஊர்தி ஓட்டியவர். ஹாரி கீயோ தபால்காரர். வால்டர் பார் பள்ளி ஆசிரியர். கூடவே பாத்திரம் கழுவும் ஜோ. அவர் அமெரிக்கக் குடிமகன்கூட இல்லை. குடிமகனாக விரும்புவதாகச் சொன்னால் ஆடலாம் என்று அன்று அங்கே இருந்த விதிப்படி சேர்க்கப்பட்டார்.

முதல் ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 3-1 என்று தோல்வி. அடுத்தது இங்கிலாந்து! ஆட்டத்தைப் பிறப்பித்த நாடு. ஜூன் 29, பெலோ ஒரிசாண்டே நகரம். இங்கிலாந்து சரமாரியாகப் பந்தடிக்கிறது. போர்கி பாய்ந்து பாய்ந்து தடுக்கிறார். 38-வது நிமிடம். வால்டர் பார் ஏறக்குறைய 25 கஜத்திலிருந்து ஒரு ஷாட் அடிக்கிறார். இங்கிலாந்து கோல்கீப்பர் அதைப் பிடிக்க நகர்கிறார். எங்கிருந்தோ பாய்ந்து வந்த ஜோ, தலையால் தட்டிவிட்டுக் குப்புற விழுகிறார். பந்து வலைக்குள்!

1-0. மீதி நேரம் முழுக்க இங்கிலாந்து மோதியும் அந்தக் கணக்கு மாறவே இல்லை. விசில் ஊதியதும் பிரேசில் ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து ஜோவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் பட்டாசு வெடித்தார்களா? அதுதான் இல்லை, நண்பர்களே! அந்த உலகக் கோப்பைக்கு அமெரிக்காவிலிருந்து போயிருந்தவர் ஒரே ஒரு பத்திரிகையாளர். அவரும் சொந்தச் செலவில் போனவர். அடுத்த ஆட்டத்தில் சிலியிடம் 5-2 என்று தோற்று அணி ஊர் திரும்பியது. ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குப் போனார், தபால்காரர் கடிதம் கொடுக்கப் போனார். அதற்குப் பிறகு அமெரிக்கா மறுபடி ஓர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற 1990 வரை ஆனது. நாற்பது வருஷம்!

ஜோ பிரான்சுக்குப் போய்ச் சில காலம் ஆடினார். பிறகு தாய்நாடு திரும்பி, 1953 டிசம்பரில் ஹெய்ட்டிக்காக மெக்சிகோவை எதிர்த்து உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்திலும் ஆடினார். கல்யாணம் செய்துகொண்டார். மூன்று ஆண் குழந்தைகள். துணி வெளுக்கும் டிரை கிளீனிங் கடை ஒன்றை நடத்தினார்.

இனி வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை. 1957 தேர்தலில் ஜோவின் குடும்பம் ஆதரித்த வேட்பாளர் தோற்றார். ஃபிரான்சுவா துவாலியே ஜனாதிபதி ஆனார். 1964 ஜூனில் ஆயுள் முழுக்கத் தானே ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டார். எதிர்த்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஜோவின் சொந்தபந்தங்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். ஜோ ஓடவில்லை. நான் ஆட்டக்காரன், அரசியலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து இருந்துவிட்டார். ஜூலை 8-ஆம் தேதி காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஃபோர்ட் திமான்ஷ் என்ற சிறைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்போது வயது நாற்பது.

1976-ல் அமெரிக்க தேசிய சாக்கர் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 1994-ல் அமெரிக்காவே உலகக் கோப்பையை நடத்தியபோது, 52 ஆட்டங்களைப் பார்க்க 35 லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். 1996-ல் மேஜர் லீக் சாக்கர் தொடங்கியது. 1999-ல் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 90,185 பேர் வந்தார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு 1950-ல் இருந்திருந்தால்... என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சாரிடம் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். ஒரு கோல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைப் பார்க்க ஆள் இல்லை என்றால் ஆட்டம் வளராது. ஆனால் யாரும் பார்க்காத காலத்திலும் ஆடியவர்கள் இருந்ததால்தான் அந்த ஆட்டம் அங்கே சாகாமல் இருந்தது.

கடைசியாக என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான்தான். சனி, ஞாயிறு ராத்திரி ஒரு பரோட்டாக் கடையில் தட்டு கழுவுகிறேன். மூன்று வருஷமாக இதை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. ஹாஸ்டல் நண்பர்கள் கேட்டால் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன் என்பேன். ஜோவின் கதையைப் படித்த பிறகு அந்தப் பொய் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.

எனக்குச் சித்தப்பாவே கிடையாது, மச்சிகளா! கடைக்கு வாருங்கள், சால்னா நன்றாக இருக்கும்.

– இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்