யார் இந்த லியோ கானர்? அம்மாக்கள் மேல் விழுந்த பழியும், 1969-ல் அவர் திருத்திக்கொண்ட கதையும்

குழந்தைக்கு மூணு வயசாகியும் பேச்சு வரல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்க்கல. இப்படி ஒரு நிலை வந்தா முதல்ல யாரைக் குறை சொல்வாங்க? அம்மாவைத்தான். ஆணும் பெண்ணும் விடியற்காலையிலேயே பட்டாசு வேலைக்குக் கிளம்பும் தாயில்பட்டி போன்ற ஊர்களில், வேலைக்குப் போன அம்மா மேல் இந்தப் பழி இன்னும் சுலபமா விழும்.

உண்மையில், இந்தப் பழி ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய டாக்டர்களிடமிருந்தே வந்தது. அதில் முக்கியமானவர் லியோ கானர். பிறகு அதைத் திரும்பப் பெற்றவரும் அவரே.

யார் இவர்?

1894-ல், இன்றைய உக்ரைனில் இருக்கும் ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கானர். பெர்லினில் மருத்துவம் படித்தார். 1924-ல் அமெரிக்கா போய் ஒரு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1930-ல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் அவர் எழுதிய குழந்தைகள் மனநலப் பாடநூல் அந்தத் துறையில் பெயர் பெற்றது.

33 பக்கக் கடிதம்

1938-ல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து கானருக்கு ஒரு கடிதம் வந்தது. டொனால்ட் என்ற சிறுவனின் அப்பா எழுதியது, மொத்தம் 33 பக்கம். மகன் எப்படிப் பேசுகிறான், எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான், எதற்குக் கோபப்படுகிறான் என எல்லாமே அதில் இருந்தது.

டொனால்ட் உட்பட 11 குழந்தைகளைப் பற்றி 1943-ல் கானர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்ற தனி நிலையை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். பலத்த சத்தம் சில குழந்தைகளை மிரள வைப்பதையும் அதில் குறித்திருந்தார். ஆக, அந்தக் கட்டுரைக்கு அடித்தளமே பெற்றோர் கவனித்துச் சொன்ன விவரங்கள்தான்.

சறுக்கியது எங்கே?

பிறவியிலேயே வரும் நிலை என்றுதான் கானர் முதலில் எழுதினார். ஆனால் அதே கட்டுரையிலேயே பெற்றோரைப் பாசம் காட்டாதவர்கள் போலவும் வர்ணித்தார். 1949-ல், குளிர்பதனப் பெட்டிக்குள் வளர்ந்த குழந்தைகளைப் போல என்று ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு பரவி, அம்மாவின் பாசக்குறைவுதான் காரணம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. குற்ற உணர்ச்சியிலேயே ஒரு தலைமுறை அம்மாக்கள் நொந்துபோனார்கள்.

மாற்றியவர்களும் பெற்றோர்தான். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உடல் சார்ந்த காரணங்களால் வருவது என 1964-ல் புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை எழுதியவர் கானர். 1969-ல் வாஷிங்டனில் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்த கானர், பெற்றோர் மேல் குற்றமில்லை என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். 1981-ல் காலமானார்.

டொனால்ட் என்ன ஆனார்?

அந்த 11 பேரும் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று 1971-ல் கானர் எழுதினார். அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்திருந்தார்கள். டொனால்டின் கதை வேறு. சில வருஷம் ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். அவருக்கு எண்ணுவது பிடிக்கும். அதனால் சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே உழ விட்டார்கள். அளப்பது பிடிக்கும், அதனால் கிணறு தோண்டி ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். பிறகு சொந்த ஊரிலேயே வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளுக்குப் போய்வந்தார்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

குழந்தைக்குப் பிடித்ததைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வேலை வழியாகவே பழக்குவது. இதே திசையில் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு அவரவர் மொழியில் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையோடு பெற்றோர் விளையாடும் வீடியோவைச் சேர்ந்து பார்த்து, எங்கே பொறுமையாகக் காத்திருக்கலாம், எதற்குப் பதில் சொல்லலாம் என்று பேசினார்கள். குழந்தைகள் தாங்களாகவே பெற்றோரை அணுகுவது அதிகமானது. எல்லாமே மாறிவிடவில்லை, சேர்ந்து ஒரே விஷயத்தைக் கவனிப்பதில் முன்னேற்றம் வரவில்லை.

நம்ம ஊர் வீட்டில் வெங்காயம் உரிப்பதும் புளியங்கொட்டை எண்ணுவதும் இதற்குப் போதும் (பட்டாசு வேலை மட்டும் குழந்தை பக்கமே வரக்கூடாது). வேலை முடிந்து வந்து கிடைக்கும் அரை மணி நேரமும் கணக்கில் சேரும். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறினால் அடம் என்று அடிக்காதீங்க, சத்தம் குறைந்த இடத்துக்குக் கூட்டிப் போங்க.

ஒன்றரை வயசாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பேர் சொன்னால் திரும்பவில்லை என்றால் தானா சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடம் சொல்லுங்க. அவர்கள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இருப்பதால் அடையாளச் சான்றும் வாங்கலாம்.

போகும்போது, பிள்ளை என்ன செய்கிறது, எதற்கு மிரள்கிறது என்று எழுதி எடுத்துட்டுப் போங்க. 33 பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும்.