பஞ்சாலையைக் கூட்டிய சிறுவன்



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்ம மலரில் கவிதைக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை! அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் பெயர் ஜான் கேரண்ட். அமெரிக்க ராணுவத்தின் எம்-1 என்ற துப்பாக்கியை வடிவமைத்தவர். அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் என்.சி.சி.யில் இருக்கிறேன். முகாமில் எங்களுக்குக் கொடுத்தது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். ஒரு தடவை சுட்டால் போல்ட்டைக் கையால் பின்னால் இழுத்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை வைக்க வேண்டும். இந்த இழுக்கிற வேலையைத் துப்பாக்கியே செய்யாதா என்று ஹவில்தார் சாரிடம் கேட்டேன். செய்யும், அதற்குப் பெயர் அரைத் தானியங்கி என்றார். விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் காலித் தோட்டாவைத் தள்ளி அடுத்ததை ஏற்றுவதைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். உலகத்திலேயே ஒரு ராணுவம் தன் வீரர்களின் பொதுத் துப்பாக்கியாக ஏற்றுக்கொண்ட முதல் அரைத் தானியங்கி எம்-1 தான்.

ஜான் கேரண்ட் 1888 ஜனவரி 1-ம் தேதி கனடாவில், கியூபெக் மாநிலத்து செயின்ட் ரெமி என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகள்! வீட்டில் பேசியது பிரெஞ்சு. அம்மா இறந்த பிறகு, 1899 வாக்கில், அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்கு வந்துவிட்டார். கேரண்டுக்கு அப்போது பதினொரு வயசு. பள்ளிக்கூடம் அதோடு சரி. போய்ச் சேர்ந்த இடம் ஒரு பஞ்சாலை. அங்கே தரையைக் கூட்டுகிற வேலை.

இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் என் அப்பாவும் மில்லில் கூட்டுகிற வேலையில்தான் சேர்ந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மூன்றாவது செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததும், படிப்பு நமக்கு ஒத்து வராது, மில்லுக்கே போய்விடலாம் என்று இருந்த நாட்கள் அவை.

கேரண்ட் கூட்டிக்கொண்டே மெஷின்களைக் கவனித்தார். இங்கிலீஷையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். நாளடைவில் மெஷினிஸ்ட் ஆனார். 1909-ல் பிராவிடன்ஸ் நகரத்தில் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியில் சேர்ந்தார். மைக்ரோமீட்டருக்கும் மில்லிங் மெஷினுக்கும் பேர் போன கம்பெனி அது. நாம் மெட்ராலஜி லேபில் படிக்கிற துல்லியத்தை அவர் சம்பளம் வாங்கிக்கொண்டே படித்தார் என்று சொல்லலாம்!

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இலேசான இயந்திரத் துப்பாக்கிக்கு ராணுவம் வடிவமைப்பு கேட்டது. கேரண்டும் ஒன்றை அனுப்பினார். அதைச் செய்து முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. ஆனால் திறமை வீண் போகவில்லை. 1919-ல் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

அங்கே கொடுத்த வேலை, ஒரு வீரன் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய அரைத் தானியங்கி. அவருடைய முதல் முறை, தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர் பின்னால் தள்ளப்படும் அந்தச் சிறு அசைவை வைத்தே இயங்கியது. கொஞ்ச காலத்தில் ராணுவம் தோட்டாவின் மருந்தையும் அமைப்பையும் மாற்றிவிட்டது. பல வருஷ உழைப்பு போச்சு! மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை, குண்டைத் தள்ளும் வாயுவில் கொஞ்சத்தைக் குழல் முனையில் பிடித்து அதைக்கொண்டு இயக்கினார். அந்த வாயு ஒரு நீண்ட தண்டைப் பின்னால் தள்ளும். தண்டு போல்ட்டைத் திருப்பித் திறக்கும். போகிற போக்கில் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும்போது அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிப் பூட்டும். இதே ஸ்பிரிங்தான் தோட்டாக்களை மேலே தூக்கும் வேலையையும் செய்கிறது. ஒரு ஸ்பிரிங், இரண்டு வேலை!

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. பின்னால் போகும் பாகத்துக்கு ஒரு எடை உண்டு. அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் ஸ்பிரிங்குக்கு ஒரு விறைப்பு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் பாகம் வேகம் குறையாமல் போய்க் கடைசியில் மோதும். நாளடைவில் உடையும். விறைப்பாக இருந்தால் பாகம் முழு தூரம் போகாது. காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கும். அப்படியே போனாலும், அடுத்த தோட்டா மேலே வருவதற்குள் போல்ட் முந்திக்கொண்டு திரும்பிவிடும்.

எடைக்கும் இதில் பங்கு உண்டு. கிடைக்கிற தள்ளு, அதாவது உந்தம், ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். எடையை இரண்டு மடங்கு ஆக்கினால் வேகம் பாதியாகும். இயக்க ஆற்றல் எவ்வளவு ஆகும்? அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், அதுவும் பாதியாகும்! அப்படியானால் ஸ்பிரிங் விழுங்க வேண்டிய ஆற்றலும் பாதிதான். எடையை மட்டும் மாற்றிவிட்டு ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் கணக்கு உதைக்கும். ஸ்பிரிங்கிலும் ஒரு விஷயம் உண்டு. கம்பியின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் விறைப்பு பத்து சதவீதம் கூடாது, ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். விட்டத்தின் நான்காம் அடுக்கு அல்லவா! பிற்காலத் துப்பாக்கிகள் சிலவற்றில் பின்கட்டைக்குள் ஒரு ஸ்பிரிங்கும், அதன் முன்னால் பஃபர் என்ற எடையும் வைத்தார்கள். அதற்கும் இதே கணக்குதான். நான் அரியர் வைத்த மெக்கானிக்ஸ் பாடத்தில் இருந்ததும் இதே கணக்குதான்!

கேரண்டுக்குப் போட்டியாக ஜான் பெடர்சன் என்ற பெரிய வடிவமைப்பாளரும் இருந்தார். இருவரும் .276 அங்குலத் தோட்டாவுக்குச் செய்தார்கள். கேரண்டின் துப்பாக்கி தேறி வந்த நேரத்தில், 1932-ல், ராணுவத் தலைமைத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் பழைய .30 அங்குலத் தோட்டாவை மாற்றக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். வேறு ஆளாக இருந்தால் தலையில் கையை வைத்திருப்பார். கேரண்டோ .30-க்கும் ஒரு மாதிரியில் வேலை செய்து வைத்திருந்தார். 1936 ஜனவரி 9-ம் தேதி எம்-1 அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டுக்குள் நுழைந்து பதினாறு வருஷம் கழித்து! அதை உற்பத்தி செய்வதற்கான கருவிகளையும் மெஷின்களையும் அமைப்பதிலும் அவர் கை இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. உற்பத்தி தொடங்கிய பிறகு ஒரு கோளாறு. எட்டுத் தோட்டாக்களில் ஏழாவது வரும்போது துப்பாக்கி சிக்கியது. எங்கே தப்பு? தேடிப் பார்த்தால் வடிவமைப்பில் தப்பில்லை. தோட்டாவுக்கு வழிகாட்டும் ஒரு சிறு விளிம்பை, மெஷினில் ஓட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று உற்பத்திப் பக்கத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டிருந்தார்கள்! விளிம்பு பழையபடி வந்ததும் கோளாறு போனது. குழல் முனையில் வாயு பிடிக்கும் முறையிலும் குறை தெரிந்ததால், குழலிலேயே ஒரு சிறு துளை போட்டு வாயு எடுக்கும் முறைக்கு மாற்றினார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பில் வி ஜாயின்ட் போடும்போது, டிராயிங்கில் உள்ள மூலையை ராவ முடியவில்லை என்று நான் வசதிக்காகக் கொஞ்சம் உருட்டிவிட்டேன். இரண்டு துண்டும் பொருந்தவில்லை. வெளிச்சம் தெரிந்தது. சார் தூக்கிப் பிடித்துக் காட்டியபோது ஃபைலையும் வைஸையும் குறை சொன்னேன். தப்பு என் கையில் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் எம்-1 துப்பாக்கிகள் சுமார் 40 இலட்சம் செய்யப்பட்டன. கேரண்ட் எத்தனை கோடி சம்பாதித்தார் என்று கேட்பீர்கள். ஒரு டாலர் கூட ராயல்டி வாங்கவில்லை! தம் உரிமைகளை அரசுக்கே கொடுத்துவிட்டு மாதச் சம்பளத்தில் இருந்தார். அவருக்கு ஒரு இலட்சம் டாலர் வழங்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. அதுவும் நிறைவேறவில்லை. 1944-ல் மெடல் ஃபார் மெரிட் என்ற பதக்கம் கிடைத்தது. 1953-ல் ஓய்வு பெற்றார். 1974 பிப்ரவரி 16-ம் தேதி அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் காலமானார். 1968-ல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

கொல்லும் கருவி செய்தவரைப் புகழலாமா என்று என் அறைத் தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். அந்தத் துப்பாக்கி ஹிட்லரின் படையை எதிர்த்தும் நின்றது, கொரியாவிலும் சுட்டது. அதன் முன்னால் விழுந்தவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் கும்பிடுவது துப்பாக்கியை அல்ல. விளக்குமாற்றைப் பிடித்த கை மைக்ரோமீட்டரைப் பிடித்ததே, அந்தத் தூரத்தை. ஸ்பிரிங்கும் எடையும் ரைஸ் மில்லிலும் இருக்கிறது, பஸ்ஸிலும் இருக்கிறது, அப்பாவின் ஸ்பின்னிங் மெஷினிலும் இருக்கிறது. நாம் எதில் போடுகிறோம் என்பது நம் கையில்.

நான் மில்லுக்குப் போகவில்லை. அரியர் இரண்டில் மெக்கானிக்ஸை எழுதி முடித்துவிட்டேன். இன்னொன்று இந்த ஏப்ரலில் எழுதுகிறேன். ரிசல்ட் வந்த அன்று அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பையன் எந்த டிபார்ட்மெண்டில் கூட்டினான் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை