சுப்பாராவ் கண்ட ஏடிபி: இன்சுலின் சொல்வது செல்லுக்கு எப்படிக் கேட்கிறது?

கொடைக்கானலில் ட்ரெக்கிங் போகும்போது கால் தசைக்குச் சக்தி கொடுப்பது ஏடிபி என்ற மூலக்கூறு. இன்சுலின் சொல்வது செல்லுக்குக் கேட்கவும் அதே ஏடிபிதான் வேண்டும். அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னையில் படித்த யெல்லப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ்.-க்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சகோதரரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். பிறகு அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, 1929-ல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டறிந்தார்.

சரி, இன்சுலினுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? செல்லின் மேல் இன்சுலினைப் பிடிக்கும் ஏற்பி, ஜோடியாகத்தான் இருக்கும். அதில் ஏ, பி என்று இரண்டு வகை. ஒரே வகை இரண்டு சேரலாம், ஏ-யும் பி-யும் கலந்தும் சேரலாம். ஏ-ஏ ஜோடி ஐ.ஜி.எஃப்-2 என்ற வளர்ச்சி ஹார்மோனையும் நன்றாகப் பிடிக்கும்; பி-பி அவ்வளவாகப் பிடிக்காது. எந்த ஜோடியானாலும், ஹார்மோன் வந்ததும் ஒரு பாதி மறுபாதியில் பாஸ்பேட்டை ஒட்டும். செய்தி உள்ளே போவது அப்படித்தான். அந்த பாஸ்பேட்டைத் தருவது ஏடிபி.

இது தெரியவந்தது 1980-களில். சுப்பாராவ் 1948-லேயே, 53 வயதில் இறந்துவிட்டார். ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காமல் லெடர்லி நிறுவனத்துக்குப் போயிருந்தார். அங்கே அவர் குழு செயற்கையாகத் தயாரித்த ஃபோலிக் அமிலம், சகோதரரைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கே மருந்தானது.